தேக்காவுக்கு அப்பால் நினைவில்லை

நான் விழுந்ததை நான் பார்க்கவில்லை. விழுவதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நினைவில்லாமலே ஓடியிருக்கிறேன். அதுவும் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். கோயிலிலும் பஸ்ஸிலும் பிடோக் மார்க்கெட்டிலும் என்னைப் பார்ப்பவர்கள் இன்னமும் கையைப் பிடித்து, எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. இப்போது தொழிற்சாலையில் வேலை குறைந்து வாரம் மூன்று நாள் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் பிரிவு. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருப்பதால், வெளியே வந்ததும் தூரமாக எதையாவது பார்க்கவேண்டும் போலிருக்கும். வீட்டுக்குப் போய் ஷூவை மாட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாக ஓடுவேன். கல்யாணமான ஒரு தமிழ்ப் பெண் அரைக்கால் சட்டையோடு ஓடுவதைப் பார்த்து முதலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. என் கணவர் அந்தோணி மட்டும் ஆரம்பத்திலிருந்தே எதுவும் சொன்னதில்லை. நான் எதனால் ஓட ஆரம்பித்தேன் என்று அவருக்குத் தெரியும்.

என் தம்பி சேவியரால்தான் ஆரம்பித்தேன். எழுபதுகளின் நடுவில், கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். காலையில் முகம் உப்பியிருக்கும். ஓவர்டைம் பார்த்துத் தூக்கம் கெட்டதால் என்று நினைத்தோம். பிறகு கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடும் ஒரு மெஷின் இருக்கிறது, அது ஒன்றுதான் வழி, ஆனால் மெஷின்கள் மிகவும் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம், யாருக்குத் தருவது என்று ஒரு குழு முடிவு செய்யும் என்றார் டாக்டர். சில நாள் கழித்து முடிவும் வந்தது. டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

"மெஷின்ல இடம் இல்லையாம்மா."

அம்மா, "அடுத்த வாரம் வந்தா இருக்குமா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் இடம் இல்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி அம்மா அதைப் புரிந்துகொண்டிருந்தார். அந்த நாட்களில் என்னால் சேவியரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரமுடியாது. கீழே இறங்கி ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றி நடப்பேன். வேகமாக நடந்தேன், பிறகு எப்போது என்று தெரியாமலே ஓடியிருக்கிறேன், ஆபீஸ் செருப்போடு. அவனைச் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபிறகும் அந்த ஓட்டத்தை நிறுத்தமுடியவில்லை. போகப் போகத் தூரம் கூடியது. ஓடும்போது மட்டும் ஏதோ ஒன்று எனக்குள் அடங்கியிருந்தது. அது துக்கமா வேறு எதுவுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எங்கள் மாதா கோயில் சாமியார் ஓர் அறிவிப்புச் செய்தார். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காதவர்களுக்காகச் சில டாக்டர்களும் கோயிலைச் சேர்ந்தவர்களும் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையம் தொடங்கப்போகிறார்கள், மெஷின் வாங்கப் பணம் வேண்டும் என்றார். நான் போய், ஓடித் திரட்டித் தருகிறேன் என்றேன். ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று ஆட்கள் வாக்குக் கொடுப்பார்கள், ஓடி முடித்ததும் வாங்கிக்கொள்ளலாம். வெள்ளைக்காரர்கள் அப்படிச் செய்வதைப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு அது புதிது. கடை கடையாக ஏறி இறங்கினேன். பூக்கடைக்காரர் ஒருவர், "நீ ஓடுறதுக்கு நான் ஏம்மா காசு தரணும்? பஸ்ஸுல போயேன், டிக்கெட் காசு தரேன்லா" என்றார். சேவியரைப் பற்றிச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு, பேரை எழுதிக்கொள்ளச் சொன்னார். நகைக்கடை, மளிகைக்கடை, மசாலா மில், முஸ்லிம் சாப்பாட்டுக்கடை என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

மார்சிலிங்கில் அம்மாவின் வீட்டிலிருந்து புறப்பட்டு, புக்கிட் தீமா சாலை வழியாகத் தேக்கா வந்து, அங்கிருந்து காலாங், கேலாங் தாண்டி பிடோக்கில் எங்கள் புளோக்கில் முடிப்பதாகத் திட்டம். அதற்கு முந்தின நாள் உடம்பு லேசாகச் சுட்டது. நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் ஜெபம் செய்து, பேசி, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்தோணி தண்ணீரோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

ஏழாம் கட்டை, அதாவது ஏழாவது மைல் கல், வரை நன்றாக நினைவிருக்கிறது. கால்வாயை ஒட்டி மர நிழல் இருந்தது. அதற்குப் பிறகு நிழல் குறைவு. சிராங்கூன் ரோடு தொடங்கும் தேக்காவில் சந்தை முன்னால் பெரிய கூட்டம். யாரோ இளநீர் கொடுத்தார்கள். பூக்கடைக்காரர் மாலை போட்டார். ஈர நாரும் மல்லிகையும் கழுத்தில் சில்லென்று பட்டன. ஓடுவதற்குத் தடையாக இருக்கும் என்று யாரோ மாலையைத் தலைக்கு மேலாக எடுத்தார்கள். அந்தக் கை எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

கண் விழித்தபோது மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில், கையில், கீழே எல்லாம் குழாய்கள். கால்களை அசைக்கமுடியவில்லை. யாரோ தொடையை நசுக்கிப் பிழிந்துவைத்த மாதிரி வலி. பக்கத்தில் அந்தோணி. வார்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. சேவியர் இறந்த அதே ஆஸ்பத்திரி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வேறு மாடி, ஆனால் அதே பச்சைச் சுவர், அதே டெட்டால் வாசனை.

சில நாட்கள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறேன். என்னைக் கொண்டுவந்தபோது உடம்பு கை வைக்கமுடியாமல் கொதித்ததாம். ஐஸ்கட்டிகளைக் கொட்டி, ஈரத்துணி போர்த்தி, விசிறி வைத்துச் சூட்டை இறக்கினார்களாம். டாக்டர் எனக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன், ஓடுகிறவர்களுக்குப் பயன்படும். உடம்பு வேர்வையால்தான் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்த ஏற்பாடு நின்றுவிடும். தோல் காய்ந்துபோகும், சூடு மூளைக்கு ஏறும், ஆள் நிதானமில்லாமல் பேசுவார். இதுதான் வெப்பத் தாக்கு. எனக்கு அதோடு நிற்கவில்லை. அந்தச் சூட்டில் கால் தசைகள் உடைந்து, அவற்றிலிருந்த நிறப்பொருள் ரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீரகம் ஒரு சல்லடை மாதிரி. இந்தக் கசடு போய் அதை அடைத்துக்கொண்டது. முதலில் சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் வந்தது. பிறகு வரவே இல்லை.

"உங்கள் சிறுநீரகங்கள் நின்றுவிட்டன" என்று டாக்டர் சொன்னபோது நான் அந்தோணியைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'கிட்னி' என்ற வார்த்தை தெரியும்.

என்னுடையது திடீரென்று நின்ற வகை, தம்பிக்கு வந்ததுபோல் பல வருடமாகக் கெட்டுப்போன வகை இல்லை, சில வாரங்களில் தானாகத் திரும்ப வேலை செய்யத் தொடங்கலாம், தொடங்காமலும் போகலாம் என்று டாக்டர் விளக்கினார். அதுவரை மெஷினில் வைத்திருப்போம் என்றார். இப்படித் திடீரென்று வருகிறவர்களுக்கென்று ஒரு மெஷினை ஒதுக்கிவைத்திருந்தார்கள். யாரும் எந்தக் குழுவையும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே மெஷின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் அம்மா முதல்முறையாக உள்ளே வந்தார். என் இடது முன்கையில் சின்ன அறுவை செய்து, ஒரு ரத்தக்குழாயிலிருந்து இன்னொன்றுக்கு வளையம் மாதிரி ஒரு டியூபை வெளியே விட்டிருந்தார்கள். ரத்தம் அதற்குள் சிவப்பாக ஓடுவது தெரியும், தொட்டால் சூடாக இருக்கும். மெஷினோடு இணைப்பது அதன் வழியாகத்தான். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் டியூபுகளைப் பொருத்தி விசையைத் தட்டினார். அம்மா மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவுதான் இருக்கும்.

"இவ்ளோதானா?" என்றார்.

குனிந்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுலயா என் பிள்ளைக்கு இடம் இல்லன்னாங்க?"

அவர் அழவில்லை. மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மிஸ்ஸி தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார். இத்தனை வருடமாக அம்மா அதை ஒரு பெரிய அறையாகவோ கட்டடமாகவோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மெஷினில் இருப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் குளிரும். உங்கள் ரத்தம் வெளியே போய் ஆறித் திரும்பி வருகிறது, எலும்புக்குள் குளிர் ஏறும். வாயில் இரும்பைச் சப்பிய ருசி. பிறகு தலைவலி. கடைசியில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரும். எத்தனை மைல் ஓடியும் அப்படி ஒன்று எனக்கு வந்ததில்லை. மிஸ்ஸி வந்து பாதத்தைப் பிடித்துத் தன் முழு பலத்தோடு மேலே வளைப்பார். வார்டுக்குத் திரும்பினால் தாகம். சிறுநீர் போகாதவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் தருவார்கள், ஒரு நாளைக்குச் சின்னக் கிண்ணம். அந்தோணி ஐஸ்கட்டியைத் துணியில் கட்டி உதட்டில் தடவுவார். தான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவார், என் முன்னால் குடிக்கமாட்டார். வேலை முடிந்து அப்படியே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டாமல் உட்கார்ந்திருப்பார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார் என்பதை நான் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். பில்லைப் பற்றி ஒருநாள்கூட என் காதுபடப் பேசவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவரிடம் பலமுறை கேட்டேன். "வெயில்ல விழுந்துட்டே, அவ்வளவுதான்" என்று மழுப்புவார். கடைசியில் ஒரு சாயங்காலம், நான் விடவில்லை என்றதும், தண்ணீர்க் கூஜாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காலாங் பாலம் தாண்டியதும் நான் வேகம் எடுத்தேனாம். அவ்வளவு அழகாக நான் ஓடி அவர் பார்த்ததே இல்லையாம். கேலாங்கில்தான் என் சட்டை காய்ந்திருப்பதைக் கவனித்தார். நிற்கச் சொன்னார். நான் திரும்பவில்லை. ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டேன். குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி மறித்தார்.

"நீ தெளிவாத்தான் பேசினே, ரெஜி. அதான் எனக்குப் பயமா போச்சு. 'வழி விடுங்க, சேவியர் முன்னாடி போறான்'னு சொன்னே. சொல்லிட்டு என்னைத் தள்ளிட்டு ஓடினே."

அங்கிருந்து சாங்கி ரோடு வரை ஓடி, ஒரு சைக்கிள் கடை வாசலில் விழுந்தேனாம்.

அன்றிலிருந்து அதைப் பிடித்துவிடவேண்டும் என்று மனம் அலைந்தது. அவன் என்ன சட்டை போட்டிருந்தான்? நோயாளியாக இருந்தானா, பழையபடி இருந்தானா? திரும்பிப் பார்த்தானா? வெப்பத்தில் மூளை காட்டியது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனால் என் தம்பியைக் கடைசியாகப் பார்த்தது நான்தான், அந்தப் பார்வை என்னிடம் இல்லை. வேறு யாரோ என் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விட்ட மாதிரி இருந்தது. வார்டில் விளக்கை அணைத்தபிறகு, கண்ணை மூடினால் தேக்காவில் மாலையை எடுக்கும் கை வரை வரும். அங்கே நின்றுவிடும்.

அம்மா உள்ளே வருவதும் போவதுமாக இருந்தாலும் பெரும்பாலும் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அந்த வராந்தா அவருக்குத் தெரியும். எந்த பெஞ்சில் வெயில் படாது, எந்த மிஸ்ஸி கேட்டால் பதில் சொல்வார், டாக்டர் எந்தப் படி வழியாக வருவார் என்று எல்லாம் தெரியும். அங்கேதான் தங்கம் என்ற பெண்ணைச் சந்தித்தார். தங்கத்தின் கணவர் பெருமாள், சுவா சூ காங் பக்கம் கோழிப் பண்ணைகளுக்கு லாரி ஓட்டுகிறவர், ஆண்கள் வார்டில் இருந்தார். அவருக்கு வந்தது சேவியருக்கு வந்த வகை. வயிற்றில் குழாய் போட்டு, மருந்துத் தண்ணீரை விட்டு, கழிவு அதில் இறங்கியதும் வடித்து எடுக்கும் முறையில் அவ்வப்போது சமாளித்தார்கள். மெஷினில் நிரந்தர இடம் கிடைக்குமா என்று குழுவின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

அம்மா தங்கத்துக்குத் தன் பெஞ்சில் இடம் கொடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தோசையைப் பங்கிட்டுக்கொண்டார். தங்கத்தின் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் என்னிடம் வந்து சொல்வார். ஒருநாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அவ கேக்குறா, ரெஜி. உனக்கு எப்படி மெஷின்ல இடம் கிடைச்சுதுன்னு. யார்கிட்ட பேசினீங்கன்னு கேக்குறா. நான் என்னத்த சொல்றது?"

எனக்கு வந்தது வேறு வகை என்று சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். தங்கம் தலையை ஆட்டிக்கொண்டாளாம், ஆனால் நம்பின மாதிரி தெரியவில்லை என்றார். சேவியரைப் பற்றி அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு மெஷினுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். வராந்தாவைக் கடந்துதான் போகவேண்டும். தங்கம் எழுந்து நின்று வழி விடுவாள். கண்ணை மூடியிருந்தாலும் அவள் வளையல் சத்தம் கேட்கும். என்னைப் பிழைக்கவைக்கிற அந்த மெஷினில் நான் படுத்திருக்கும் ஒவ்வொரு முறையும், இது என் இடம் இல்லை என்ற நினைப்பு வரும். யாருடைய இடம் என்று கேட்டுக்கொள்ளப் பயம். சேவியருடையதா, பெருமாளுடையதா?

ஒரு காலை, சிறுநீர்ப் பையை மாற்ற வந்த மிஸ்ஸி அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம், ஒரு தேநீர்க் கரண்டி இருக்கலாம், வெளிர் மஞ்சளாக. அவர் போய் இன்னொரு மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் அரைக் கிண்ணம். பிறகு நிற்காமல் வர ஆரம்பித்தது. அடைப்பு விட்டதும் முதலில் அப்படித்தான் வெள்ளமாக வரும் என்றார் டாக்டர். வாழ்நாளில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லியிராத அம்மா, மகளுக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது என்று வார்டில் எல்லோரிடமும், பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியிடம் மலாயில்கூட, சொல்லிக்கொண்டிருந்தார். தங்கத்திடமும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ரத்தத்தில் கழிவின் அளவு குறைந்து மெஷின் தேவையில்லை என்றான வாரத்தில் பெருமாளுக்குப் பதில் வந்தது. இடம் இல்லை. நான் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வராந்தா பெஞ்ச் காலியாக இருந்தது. அம்மா ஒரு கணம் அங்கே நின்றுவிட்டு வந்தார்.

வீட்டில் பல மாதம் கோல் ஊன்றி நடந்தேன். கால் சூம்பியிருந்தது. கடைக்காரர்கள் யாரும் நான் பிடோக் வரை ஓடிச் சேரவில்லை என்று பார்க்கவில்லை. முழுத் தூரத்துக்கும் கொடுத்தார்கள், செய்தி கேட்டுப் புதிதாகச் சிலர் அனுப்பினார்கள். அந்தோணிதான் போய் வாங்கி வந்தார். அதோடு வேறு பலரும் உதவியதில் நிலையம் திறந்தது, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். நான் தடி இல்லாமல் நடக்கத் தொடங்கியதும் முதலில் செய்த காரியம், தேக்காவில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து சாங்கி ரோடு வரை வந்ததுதான். ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். எதுவும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிறகும் பலமுறை போயிருக்கிறேன். இப்போது மறுபடியும் ஓடுகிறேன், கொஞ்ச தூரம், விடியலில் மட்டும், டாக்டருக்குத் தெரிந்தேதான். ஆனால் அந்தச் சாலையில் ஓடுவதில்லை. ஓடினால் அவன் வருவானோ என்று பயம் ஒருபக்கம். வராமல் போய்விடுவானோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

நிலையத்தில் யார் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஒரு சின்னக் குழு அமைத்தார்கள். இரண்டு டாக்டர்கள், ஒரு சமூகநல அதிகாரி, பணம் திரட்டியவர்கள் சார்பில் ஒருவர். என்னை அழைத்தார்கள். மெஷினில் இருந்து வந்தவர் நீங்கள், வந்தால் நல்லது என்றார் சாமியார். மறுக்கத் தோன்றவில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் இடம் இல்லை என்ற பேச்சே இருக்காது என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மெஷின் சிலருக்குத்தான் போதும். வந்திருந்தவர்கள் அதைவிட அதிகம். பெயர் இல்லாமல் வயது, தொழில், குடும்பம், நோயின் நிலை மட்டும் வாசிப்பார்கள். பேசுவோம். என்னை அன்று கவனித்த அந்த டாக்டரும் இருந்தார். ஒவ்வொரு முறை இல்லை என்று முடிவானபோதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சேவியரின் தாளையும் இப்படி ஒரு மேசையில் யாரோ சத்தமில்லாமல் தள்ளி வைத்திருப்பார்கள். கோபப்படுவதற்கு எனக்கு அங்கே ஒரு முகம் கிடைக்கும் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர் என்று வந்து நின்றது. ஒருவர் லாரி ஓட்டுநர், நாற்பது வயது, மனைவி, இரண்டு பிள்ளைகள், சுவா சூ காங், மாதக்கணக்காக வயிற்றுக் குழாயிலேயே சமாளித்துவருபவர். இன்னொருவர் தையல்வேலை செய்யும் பெண், முப்பத்தொன்று, கல்யாணமாகவில்லை, வயதான அப்பா. முதல் ஆளை எனக்குத் தெரியும், நான் இதில் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே படிக்கட்டை ஒட்டிய பெஞ்சில் தங்கம் உட்கார்ந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், சட்டைப்பையில் மகளின் ஆஸ்பத்திரி அட்டையோடு, குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனால் அவர் தன் செய்தித்தாளில் பாதியை மடித்து அவளுக்கு விசிறக் கொடுத்திருந்தார். காகிதப்பையிலிருந்த பிஸ்கட்டை எனக்கும் நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். தங்கம் அம்மாவைப் பற்றி விசாரித்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் உள்ளே நடப்பதைச் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் விசிறிக்கொண்டிருக்க, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

கதவைத் திறந்து டாக்டர் என்னை அழைத்தார். முடிவைச் சொல்லி, அந்த அம்மாவிடம் நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள் என்றார். பெருமாள் அந்த மெஷினில் நான்கு வருடம் இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை அரைநாள் வேலைக்குப் போனார். மூத்தவளின் கல்யாணத்தைப் பார்த்தார். நானும் அம்மாவும் போயிருந்தோம்.

அன்று நான் தங்கத்தின் முன்னால் குனிந்து, "இடம் கிடைச்சிருக்கு, தங்கம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பினாள்.

"அப்ப இவருக்கு, அக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்த்து, உங்களுக்கு நல்ல செய்தி போலிருக்கிறது என்பதுபோல் தலையை அசைத்துச் சிரித்துவிட்டு, உள்ளே போனார்.